பால் கணக்கு நோட்டில் ஒரு பசிக் கணக்கு

எங்கள் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் தனியாக ஒரு வேளைச் சாப்பாடு நடக்கும். அதற்கு இலை கிடையாது, தட்டு கிடையாது, உட்கார இடம்கூடக் கிடையாது. அடுப்பு மேடை ஓரத்தில் நின்றபடி நான் ஒருத்தி மட்டும் சாப்பிடுவேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒரு வேளை இருப்பதே நாற்பத்தாறு வயது வரை எனக்குத் தெரியாது. யாராவது கேட்டிருந்தால், "ராத்திரி ரெண்டு தோசை, அவ்ளோதான்" என்று சத்தியமே செய்திருப்பேன்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான். வீடு ஆதம்பாக்கம். காலையில் பரங்கிமலை ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்தால் அரை மணிக்குள் ஆபீஸ். 2023 ஜூலையில் ஆபீஸில் ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். இலவசம் என்பதால் நானும் கையை நீட்டினேன். தாளில் ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.2 என்று வந்தது. முகாமுக்கு வந்திருந்த டாக்டரம்மா பயமுறுத்தவில்லை. "5.7-க்குக் கீழே இருந்தா நிம்மதி. 6.5 வந்தா சுகர். நீங்க நடுவுல நிக்கறீங்க. இங்கேருந்து திரும்பியும் போகலாம்மா" என்றார். முந்தின நாள் பட்டினி கிடந்து இந்த எண்ணை ஏமாற்ற முடியாது, ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லிவிடும் என்பதையும் அவர்தான் விளக்கினார்.

அதற்கு முந்தின மாதம்தான் ஐ.சி.எம்.ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு பேப்பரில் வந்திருந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில். படித்துவிட்டு "அடப்பாவமே" என்று பக்கத்தைப் புரட்டியவள் நான். வாசலில் நிற்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்று அப்போது தோன்றவே இல்லை. வீட்டுக்குப் போய் தையல் மெஷின் டிராயரிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினேன். 37 இஞ்ச், அதாவது 94 சென்டிமீட்டர். நம் ஊர்ப் பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டுமாம். டேப்பைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன்.

அடுத்த ஒரு மாதம் நான் பண்ணாத கூத்து இல்லை. குதிரைவாலி, சாமை, வரகு எல்லாம் வாங்கிக் குவித்தேன். அரிசிதான் வில்லன், சிறுதானியம் சாப்பிட்டால் இளைத்துவிடலாம் என்று நினைப்பு. உடம்புக்கு நல்லது என்ற தைரியத்தில் இரண்டு கரண்டிக்குப் பதில் நாலு கரண்டி போட்டுக்கொண்டேன். சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம் என்பது நிஜம். ஆனால் நூறு கிராமுக்குக் கலோரி பார்த்தால் அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இது தெரியவந்தபோது அரைக் கிலோ ஏறியிருந்தேன். பிறகு காலைச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தேன். நாலாவது நாள் மாம்பலம் தாண்டும்போது கம்பியைப் பிடித்தபடியே கண் இருட்டியது. பக்கத்தில் நின்ற பூக்கார அம்மா தன் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தார். பட்டினி வைத்தியம் அதோடு சரி.

என்ன சாப்பிட வேண்டும் என்று ஊரையெல்லாம் கேட்டவள், நான் என்ன சாப்பிடுகிறேன் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவளுக்கு இது வெட்கக்கேடு. எங்கள் ஆபீஸில் செலவு எங்கே போகிறது என்று தெரியாமல் எதையும் குறைக்க விடமாட்டேன்.

சமையலறை ஆணியில் தொங்கும் பால் கணக்கு நோட்டு இருக்கிறதே, அதன் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுத ஆரம்பித்தேன். வாயில் எது போனாலும் ஒரு வரி. நேரம், என்ன, உட்கார்ந்தா நின்றா, ஏன். இந்த "ஏன்" எழுதத்தான் அலுப்பாக இருந்தது. அதனால் சுருக்கெழுத்து வைத்துக்கொண்டேன். "ப" என்றால் பசி. "மி" மிச்சம், வீணாகிவிடக் கூடாதே என்று தின்றது. "ம" மரியாதைக்கு. "கோ" கோபத்தில். "சு" சும்மா. அளவு எழுதவில்லை, கலோரி எழுதவில்லை. எதையும் குறைப்பதில்லை என்றும் முடிவு செய்துகொண்டேன். பார்ப்பது மட்டும்தான் வேலை.

இரண்டாம் நாள் பக்கம் இப்படி இருந்தது:

"6.10 காபி, நின்று, ப. 7.20 மகன் வைத்த அரை இட்லி, நின்று, மி. 8.00 இட்லி 3, நின்று, ப. 11.00 டீ, சு. 11.05 பிஸ்கட் 2, டீயோடு வந்ததால், சு. 1.15 சாப்பாடு, ப. 4.00 டீ, பஜ்ஜி 2, எல்லோரும் போனதால், ம. 6.50 மிக்சர், எவ்வளவு என்று தெரியாது, நின்று, கோ. 8.45 தோசை 2, ப. 10.10 குழம்புச் சட்டியில் சாதம், நின்று, மி. 10.15 கடைசி மாவில் ஒரு தோசை, மி."

பதினாலு நாள் முடிந்ததும் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 131 வரி. பசி 52. மிச்சம் 31. சும்மா 22. மரியாதை 15. கோபம் 11. பாதிக்கும் மேல் பசிக்குச் சம்பந்தமே இல்லை. அந்த 31 மிச்சத்தில் 19 ராத்திரி பத்து மணிக்கு மேல் நடந்தவை.

அந்தப் பத்து மணி ருசியைச் சொல்லாமல் விட்டால் பாவம். வத்தக்குழம்பு வைத்த இரும்புச் சட்டியில், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, அடியில் சுண்டக்காய் நாலு ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு கை ஆறின சாதத்தைப் போட்டுத் துடைத்துப் பிசைந்தால், சட்டியும் பளபளவென்று ஆகிவிடும், நாக்கும் தீர்ந்துவிடும். சிறு வயதில் பெரம்பூர் வீட்டில் அம்மா அப்படிப் பிசைந்து ஆளுக்கொரு உருண்டை கொடுப்பார். இப்போது பிள்ளைகள் போனோடு படுக்கப் போய்விடுகிறார்கள். ஆறு உருண்டையும் எனக்கே.

இதில் ருசி பாதி, மீதி பயம். சோற்றைக் கொட்டக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். கொட்டினால் அது வீண், நான் தின்றால் வீண் இல்லை என்று ஒரு கணக்கு. வேண்டாத சோறு குப்பைக்கூடையில் விழுந்தாலும் வயிற்றில் விழுந்தாலும் வீண்தான். கூடைக்கு மட்டும் சர்க்கரை ஏறாது. இந்த வரியை நோட்டில் எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது. மறுநாள் ராத்திரி சட்டி முன்னால் நின்றபோது சிரிப்பு உதவவில்லை. ஆசை வரும்போது நல்ல புத்தி தூங்கப் போயிருக்கும். ஆகவே பத்து மணிக்குச் சண்டை போடுவதை விட்டுவிட்டுக் காலையிலேயே வேலையைத் தொடங்கினேன்.

ஐந்து பேருக்கு நாலு ஆழாக்கு அரிசி வைத்துக்கொண்டிருந்தேன். என் மாமியார் இந்த வீட்டுக்கு வந்த காலத்து அளவு அது. அப்போது ஏழு பேர். மூன்றரையாகக் குறைத்தேன். அத்தை பானையை எட்டிப் பார்த்துவிட்டு, "யாராவது திடீர்னு வந்தா என்ன பண்ணுவ?" என்றார். "தெருமுனைல இட்லிக் கடை இருக்கு அத்தை" என்றேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. யாரும் வரவும் இல்லை. ஒரு மாதம் கழித்து மூன்றாக்கினேன். அதை அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விட்டுவிட்டார். மீந்தால் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சின்ன வெங்காயத்தோடு பழையதாகச் சாப்பிடுவேன். இட்லிக்குப் பதிலாக, இட்லியோடு சேர்த்து அல்ல. சட்டி கழுவும் வேலை இவருக்கு மாறியது. நான் சாப்பிட்டதும் சமையலறையை விட்டு வெளியே வந்துவிடுவேன். எந்த உணவு முறையும் செய்யாத வேலையை இந்த ஒரு மாற்றம் செய்தது என்று அடித்துச் சொல்வேன். வீட்டில் ஆண்கள் பாத்திரம் தேய்த்தால் பெண்களுக்குச் சர்க்கரை குறையும் என்று யாராவது ஆய்வு நடத்தினால் நல்லது.

கோபக் கணக்குக்கு வருகிறேன். 11 தடவைதான், ஆனால் அந்தப் பதினொன்றும் ஒரே நேரம், ஒரே டப்பா. மாலை ஆறே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் மிக்சர் அல்லது முறுக்கு. தேதியைப் பார்த்தபோது புரிந்தது. அத்தனையும் ஆபீஸில் ஒருவரிடம் பதில் பேசாமல் வாயை மூடிக்கொண்டு வந்த நாட்கள். கடிக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு முறுக்கைக் கடித்திருக்கிறேன். அந்த நேரத்தில் கவனித்துப் பாருங்கள், மெத்தென்று எதுவும் பிடிக்காது. தயிர் சாதமோ பழமோ வேண்டாம். நொறுக்கென்று உடைய வேண்டும். இதுவே ஒரு அடையாளம். வயிற்றுப் பசி என்றால் ரசம் சாதம் கொடுத்தாலும் ஒத்துக்கொள்ளும். இன்னதுதான் வேண்டும் என்று அடம் பிடித்தால் அது வேறு ஏதோ.

முறுக்கு டப்பாவைப் பரணில் ஏற்றினேன். ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன், அதையும் மறைக்க மாட்டேன். ஓரளவு பலித்தது வேறு விஷயம்: பரங்கிமலையில் இறங்கியதும் ஷேர் ஆட்டோ பிடிக்காமல் நடப்பது. இருபது நிமிஷம். நடக்கும்போது அந்த ஆளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வருவேன். காதில் ஹெட்செட் மாட்டியிருந்தால் யாரும் பைத்தியம் என்று நினைக்க மாட்டார்கள். வீட்டுக்கு வரும்போது பாதி இறங்கியிருக்கும். மழைக்காலத்தில் ஆதம்பாக்கம் தெருவில் நடப்பது வேறு சாகசம், அந்த இரண்டு மாதம் முறுக்கு ஜெயித்துவிடும்.

"சும்மா"வில் பெரும்பங்கு டீ. வீட்டில் இரண்டு காபி, ஆபீஸில் இரண்டு டீ, ஸ்டேஷனில் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பத்து ஸ்பூன், கிட்டத்தட்ட 50 கிராம். இப்படித் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாக நிறுத்தியிருந்தால் ஒரு வாரத்தில் பழையபடி ஆகியிருப்பேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை ஸ்பூன் குறைத்தேன். நாக்கு ஏமாந்துவிட்டது. இப்போது கடைக்காரர் மறந்துபோய் முழுச் சர்க்கரை போட்டால் பாயசம் குடிப்பதுபோல் இருக்கிறது.

இன்னொன்றையும் அந்த நோட்டுதான் காட்டிக் கொடுத்தது. ஆபீஸில் பகல் முழுக்க நான் அரை பாட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எங்கள் தளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, இரண்டு மாடி இறங்க வேண்டும். அதனால் தண்ணீரைத் தள்ளிப்போட்டு, தாகத்தைப் பசி என்று நினைத்து பிஸ்கட்டில் கை வைத்திருக்கிறேன். இது எனக்கு மட்டும் நடப்பதில்லை என்று மற்றப் பெண்களிடம் பேசியபோது தெரிந்தது. நாங்கள் ஏழு பேர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தோம். கழிப்பறை வர எட்டு மாதம் ஆனது. உடம்பைக் கவனிப்பது என்றால் சில சமயம் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவதும்தான்.

மரியாதைச் சாப்பாடு பற்றி ஒரு குறிப்பு மட்டும். "இப்பதான் சாப்பிட்டேன்" என்பது தமிழ் வீடுகளில் செல்லாத நோட்டு. "அப்ப இனிப்பு மட்டும்" என்று வந்துவிடும். "டயட்" என்று சொல்லிவிட்டாலோ கூடுதலாக ஒரு கரண்டி நெய். "கட்டிக் குடுங்க சித்தி, ராத்திரி நிதானமா சாப்பிடறேன்" என்று சொன்னால் அவர்கள் முகமும் மலர்கிறது, என் தட்டும் தப்பிக்கிறது. பிள்ளைகள் தின்று தீர்ப்பார்கள்.

சாப்பாட்டில் பெரிதாக எதையும் மாற்றவில்லை, வரிசையைத்தான் மாற்றினேன். முன்பு சாதம் மலை, பொரியல் அதன் அடிவாரத்தில் ஒரு பிடி. இப்போது கீரையோ பொரியலோ ஒரு கிண்ணம் நிறைய முதலில். மணத்தக்காளி, அரைக்கீரை, முருங்கை என்று ரங்கநாதன் தெருப் பக்கம் எது கட்டு நன்றாக இருக்கிறதோ அது. பிறகு பருப்பு அல்லது முட்டை. சாதம் கடைசியில். காயும் பருப்பும் முந்திக்கொண்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது, சாதமும் தானாகவே குறைந்துவிடுகிறது. நாலு மணி பஜ்ஜிக்குப் போட்டியாகக் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல் எடுத்துப் போனேன். மாங்காயும் தேங்காயும் பீச் சுண்டல் மாதிரியே பொடியாக நறுக்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் பஜ்ஜிதான் ஜெயிக்கும். எண்ணெய்க் கணக்கும் பார்த்தேன். மாதம் 6 லிட்டர் ஆகிக்கொண்டிருந்தது. வகுத்தால் ஆளுக்கு நாளைக்கு 40 மில்லி. இப்போது நாலில் நிற்கிறது. ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு, அதன்பின் மொட்டை மாடியில் பதினைந்து நிமிஷம்.

என்னைப் பார்த்து இரண்டு பேர் கிளம்பினார்கள். இரண்டும் என்னைப் பயமுறுத்தின.

முதலில் அம்மா. பெரம்பூரில் தம்பி வீட்டில் இருக்கிறார், பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். நான் குறைத்துச் சாப்பிடுகிறேன் என்று போனில் பெருமையடித்ததைக் கேட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டார். இரண்டு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறியிருக்கிறது. தம்பி மனைவிக்கு விஷயம் தெரிந்திருந்ததால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துச் சோதித்து, பிறகு கொஞ்சம் தயிர் சாதமும் கொடுத்திருக்கிறாள். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடியிருக்க வேண்டும். மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விடக் கூடாது. என் வாய்ச்சவடால் அம்மாவை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அடுத்தது மகள். ஒன்பதாம் வகுப்பு. ஒரு நாள் நோட்டைப் புரட்டிவிட்டு, "அம்மா, நானும் எழுதட்டா? நான் குண்டா இருக்கேன்ல?" என்றாள். வளர்கிற பெண். அன்றைக்குக் காலையில்தான் கண்ணாடி முன்னால் நின்று என் இடுப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவள் பக்கத்தில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கேட்கிற காதுகளை மறந்துவிட்டேன். அன்றோடு வீட்டில் எடை, குண்டு, ஒல்லி என்ற பேச்சை நிறுத்தினோம். இவருக்கும் அத்தைக்கும் சேர்த்துத்தான் தடை. நோட்டு என் கைப்பைக்கு இடம் மாறியது. "உனக்குப் பசிச்சா சாப்பிடு, போதும்னா நிறுத்து, எழுதவெல்லாம் வேண்டாம்" என்றேன். நம்பினாளா தெரியவில்லை. இரண்டு வாரம் அவள் தட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நானும் தினமும் எழுதுவதில்லை. மாதத்தில் மூன்று நாள் போதும். தினமும் எழுதினால் தட்டைப் பார்த்தாலே பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது.

2023 டிசம்பரில் 5.9 வந்தது. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 2024 மே மாதம் 6.0. மகன் ப்ளஸ் டூ எழுதிய சமயம், அவனோடு நானும் ராத்திரி ஒரு மணி வரை விழித்திருந்து காபியும் ரஸ்க்குமாக ஓட்டியதன் பலன். அந்த மாதங்களின் நோட்டுப் பக்கங்கள் காலி. எழுதாத நாட்கள்தான் அதிகம் தின்ற நாட்கள் என்று வெற்றுத் தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். டிசம்பரில் 5.7, அதாவது வாசல்படி ஓரம். இடுப்பு 88 சென்டிமீட்டர். அதே டேப், அதே டிராயர்.

போன ஞாயிற்றுக்கிழமை இவர் சைதாப்பேட்டை மார்க்கெட்டிலிருந்து சங்கரா வாங்கி வந்தார். மண்சட்டியில் குழம்பு. ராத்திரி சட்டி கழுவ அவர் எழுந்தபோது, "நீங்க போய்ப் படுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒரு கை சாதம் எடுத்தேன், சட்டியோடு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சாப்பாட்டு வாசனைக்கு மகளும் வந்து எதிரே உட்கார்ந்தாள். ஆளுக்கு இரண்டு உருண்டை. கையைக் கழுவிவிட்டு வந்து நோட்டில் எழுதினேன்: "10.20, மீன் குழம்புச் சட்டி, உட்கார்ந்து." ஏன் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பசி இல்லை, மிச்சமும் இல்லை. புதிதாக ஒரு எழுத்துப் போட்டேன். "ரு".